யாருக்காக இந்த ஆராய்ச்சிக்கூடம்?

(தொழிற்சங்க ஊழியர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஹைதராபாத் நகரில் தார்நாகா என்ற இடத்தில் சர்க்காரின் ரசாயன ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருக்கிறது. 1944ல் நிஜாம் சமஸ்தானத்தில் துவங்கப்பட்டது. 1956ல் மத்திய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் வந்தது. 1989 முதல் இந்திய ரசாயனத் தொழில்நுட்பக் கழகம் என்று பெயர். மருந்துக் கடை வாசலில் சீட்டை வைத்துக்கொண்டு மடியிலுள்ள காசை எண்ணிப் பார்க்கிறானே தொழிலாளி, அவனுக்கும் இந்தக் கூடத்துக்கும் என்ன சம்பந்தம்? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஆரம்ப காலத்தில் இக்கூடத்தின் தலைவராக இருந்தவர் டாக்டர் ஹுசேன் ஜாகீர். முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தை ஸ்தாபித்தவர்களில் ஒருவரும், ராவல்பிண்டி சதி வழக்கில் சிறை சென்றவருமான தோழர் சஜ்ஜாத் ஜாகீரின் சகோதரர் இவர். தம்பி பேனாவை எடுத்தார், அண்ணன் குப்பியை எடுத்தார். நிலக்கரியும் எண்ணெய் வித்தும் இவருடைய கூடத்தில் ஆராய்ச்சிக்கு வந்தன. 1962ல் ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கே தலைவரானார். இந்த நாட்டு மண்ணில் கிடைப்பதை இந்த நாட்டுக்காரன் மூளையால் பொருளாக்க வேண்டும் என்பதே அந்தத் தலைமுறை விஞ்ஞானிகளின் பிடிவாதம்.

ஆனால் மூளை மட்டும் போதாது, சட்டமும் வேண்டும். வெள்ளைக்காரன் 1911ல் போட்ட பேடண்ட் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் நம் கழுத்தில் கிடந்தது. இந்தியாவில் மருந்து விலை உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று என்று 1961ல் அமெரிக்க செனட்டின் கெபாவர் கமிட்டியே சொல்லிற்று! திருடனின் ஊர்ப் பஞ்சாயத்தே திருட்டை ஒப்புக்கொண்ட கதை. நம்மூர் நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959ல் கொடுத்த அறிக்கையை வைத்து, 1970ல்தான் புதுச் சட்டம் வந்தது. மருந்துக்குப் பேடண்ட் கிடையாது, அதைச் செய்யும் முறைக்கு மட்டும்தான் உண்டு என்றது அது. மதுரையிலிருந்து சென்னைக்குத் திருச்சி வழியாகவும் போகலாம், சேலம் வழியாகவும் போகலாம். ஒரு வழியைக் கண்டவன் சென்னைப் பட்டணத்தையே தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. இவ்வளவுதான் சட்டத்தின் சாரம்.

வேறு வழியைக் கண்டுபிடிக்கும் வேலையைத்தான் ஹைதராபாத் கூடமும் புனாவிலுள்ள தேசிய ரசாயன ஆராய்ச்சிக்கூடமும் செய்தன. எய்ட்ஸ் நோய்க்கு முதலில் வந்த மருந்து ஜிடோவுடின். 1964ல் அமெரிக்கப் பொதுப் பணத்தில் ஹார்விட்ஸ் என்ற விஞ்ஞானி உருவாக்கிய பொருள் அது. 1987ல் பரோஸ் வெல்கம் கம்பெனி அதை விற்பனைக்கு விட்டபோது ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு 8,000 டாலருக்கு மேல்! 1985ல் ஹைதராபாத் கூடத்தின் தலைமைக்கு வந்த டாக்டர் ராம ராவும் அவருடைய சகாக்களும் அதைச் செய்ய சுதேசி முறையைக் கண்டனர். 1990களின் துவக்கத்தில் சிப்லா கம்பெனி அம்முறையில் அதைத் தயாரித்தது. அங்கே வளர்ந்த திறமை எவ்வளவு தூரம் போயிற்று தெரியுமா? 10,000 டாலருக்கு மேல் விற்ற மூன்று மருந்துச் சேர்க்கையை 2001ல் அதே சிப்லா 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. ஆப்பிரிக்காவின் ஏழைகளுக்கு உயிர் வந்தது.

இதைச் சொல்லிவிட்டுக் கைதட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடலாமா? கூடாது. ஆராய்ச்சிச் செலவு ஜனங்களுடையது, லாபம் முதலாளியுடையது. ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் படான்செருவு வட்டாரத்தில் மருந்துக் கம்பெனிகளின் கழிவு ஏரியையும் கிணற்றையும் கெடுத்துவிட்டது. கழிவைச் சுத்திகரித்து வெளியே விட்ட தண்ணீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபிளாக்சசின் மருந்து இருந்ததாக ஸ்வீடன் விஞ்ஞானிகள் 2007ல் எழுதினார்கள். அங்குள்ள விவசாயியிடம் சுதேசி முதலாளி, விதேசி முதலாளி என்று பேதம் பேசினால் சிரிப்பான்.

இதற்கு மாற்றாகத்தான் பொதுத்துறை இருந்தது. சோவியத் உதவியோடு 1961ல் ஐ.டி.பி.எல். ஸ்தாபிக்கப்பட்டது. ரிஷிகேஷில் ஆன்டிபயாடிக், ஹைதராபாத்தில் செயற்கை மருந்து, நம் சென்னையில் அறுவைச் சிகிச்சைக் கருவிகள். ஆராய்ச்சிக்கூடம் கண்டுபிடிக்க, சர்க்கார் ஆலை தயாரிக்க, சர்க்கார் ஆஸ்பத்திரி கொடுக்க என்று ஒரு சங்கிலி உருவாகியிருக்கலாம். அதை அறுத்தார்கள். 1992ல் நலிந்த கம்பெனி என்று முத்திரை குத்தினார்கள். 2016ல் மூடிவிடுவது என்று மந்திரிசபை முடிவு செய்தது. இதற்கிடையே, 2005 முதல் மருந்துக்கே பேடண்ட் என்ற ஏற்பாடு திரும்பி வந்தது. பழைய மருந்துக்குப் புதுச் சட்டை மாட்டி மறுபடி பேடண்ட் வாங்குவதைத் தடுக்கும் 3(டி) பிரிவை அப்போது இடதுசாரிகள் மன்றாடி, மல்லுக்கட்டிச் சேர்க்க வைத்தார்கள். 2013ல் நோவார்டிஸ் கம்பெனி சுப்ரீம் கோர்ட்டில் தோற்றது அதனால்தான்.

தலைமையும் மாறிவிட்டது. புனா கூடத்தின் தலைவராக இருந்து பிறகு ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கே தலைவரானவர் டாக்டர் மஷேல்கர். கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் பேடண்ட் பற்றி அவர் தலைமையில் அமைந்த நிபுணர் குழுவின் அறிக்கையை 2007ல் வாபஸ் வாங்க நேர்ந்தது. பன்னாட்டு மருந்துக் கம்பெனிகளின் சங்கம் பணம் கொடுத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரையின் வாசகங்கள் அதில் அப்படியே இருந்தன! திருத்திக் கொடுத்ததை 2009ல் சர்க்கார் ஏற்றுக்கொண்டது. ஜாகீர் காலத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

நம் வாசலிலேயே ஒன்று இருக்கிறது, தோழர்களே. செங்கல்பட்டில் பல நூறு கோடி ரூபாய் செலவில் மத்திய சர்க்கார் தடுப்பூசி வளாகம் கட்டியது. 2021ல் கோவிட் நோயில் ஜனங்கள் மூச்சுக்குத் தவித்தபோதும் அங்கிருந்து ஒரு குப்பி வெளியே வரவில்லை. அந்த மே மாதம் தமிழக முதலமைச்சர் நேரில் போய்ப் பார்த்தார். மாநில சர்க்காரே நடத்துகிறோம், குத்தகைக்குக் கொடுங்கள் என்று பிரதமருக்கு எழுதினார். இயந்திரம் இருந்தது, கட்டிடம் இருந்தது. ஓட்டுவதற்கு மனமில்லாதவர்கள் யார் என்பதை உங்கள் ஆலை வாசல் கூட்டங்களில் பெயர் சொல்லிப் பேசுங்கள்.