பூட்டிக் கிடந்த மைதானம்
(நம் கிளப் ஹவுஸில் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த ஞாயிறு கூட்டங்களில் இதுவரை சர்க்கரை நோய், மாடித் தோட்டம், உயில் எழுதுவது, சோலார் பேனல் எல்லாம் பேசியாகிவிட்டது. இங்கிலாந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தய மைதானத்தைப் பற்றிப் பேசட்டுமா என்று நான் கேட்டதும் நம் செயலாளர், "சார், நம்ம ஆளுங்களுக்கு அதுல என்ன இருக்கு?" என்றார். நியாயமான கேள்விதான். அங்கே நடந்தது, வீடு கட்டுவதற்காக ஒரு விளையாட்டு இடத்தை எடுத்துக்கொள்ளலாமா என்கிற சண்டை. நாம் எல்லோரும் வீடு வாங்கிக் குடிவந்த கட்சி. எதிர்க்கட்சி என்ன சொல்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து கேட்டால் தப்பில்லை.

முதலில் ஸ்பீட்வே என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் அதைப் பார்த்தவர்கள் குறைவு. முட்டை வடிவத்தில் ஒரு மண் டிராக். ஒரு பந்தயத்துக்கு நாலு பேர், நாலு சுற்று, எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம் போல. வண்டி 500 சிசி, ஒரே சிலிண்டர், ஒரே கியர், மெத்தனாலில் ஓடும். பிரேக் கிடையாது. இல்லவே இல்லை. வளைவில் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, இரும்புத் தகடு கட்டிய இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே திரும்புவார்கள். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, பிறகு 2, 1, கடைசிக்குப் பூஜ்யம். ஒரு மாலையில் 15 பந்தயம் வரை நடக்கும். பார்க்க வருபவர்கள் கையில் புரோகிராம் புத்தகமும் பேனாவும் இருக்கும். ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் புள்ளியைத் தாங்களே கட்டத்தில் எழுதிக்கொள்வார்கள். தாத்தா எழுதுவார், பேரன் கூட்டிச் சொல்வான்.

ஆஸ்திரேலியாவில் வேர்விட்டு, 1928ல் இங்கிலாந்துக்கு வந்த விளையாட்டு இது. அதே 1928ல் கவென்ட்ரி நகரத்துக்கு வெளியே பிராண்டன் என்ற கிராமத்தில் ஒரு மைதானம் திறந்தார்கள். கவென்ட்ரி என்பது சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் காரும் செய்த ஊர். டிரையம்ஃப் வண்டி அங்கே பிறந்ததுதான். தொழிற்சாலையில் வாரமெல்லாம் இன்ஜினோடு மல்லுக்கட்டியவர்கள் வாரக் கடைசியில் இன்ஜின் சத்தம் கேட்கவே டிக்கெட் எடுத்து வந்தார்கள். 'பீஸ்' என்று அணியின் பெயர், அதாவது தேனீக்கள். 1968ல் பிரிட்டிஷ் லீக் பட்டம் வென்றார்கள். 2010 வரைக்கும் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். மூன்று முறை உலக சாம்பியனான டென்மார்க்கின் ஓலே ஓல்சன் இந்த அணிக்கு ஓட்டியவர். 1998 முதல் 2000 வரை பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ இங்கேதான் நடந்தது. போதாததற்கு 1950கள் முதல் ஸ்டாக் கார் பந்தயமும் உண்டு. அது கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே ஓடுகிற பந்தயம்; அதற்கென்று தனி ரசிகர் கூட்டம்.

2016 பருவத்தோடு எல்லாம் நின்றது. இடம் ஒரு சொத்து நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. 2018ல் அணி லெஸ்டர் நகரத்து மைதானத்தைக் கடன் வாங்கிக் கீழ்ப்பிரிவில் ஓட்டிப் பார்த்தது, நீடிக்கவில்லை. அதே ஆண்டு மைதானத்தை இடித்துவிட்டு 137 வீடுகள் கட்ட விண்ணப்பம் போனது. பிறகு திட்டத்தை மாற்றி 124 வீடுகள், கூடவே செயற்கைப் புல் போட்ட ஒரு கால்பந்துத் தளம் என்று வைத்தார்கள். இதற்கிடையில் பூட்டிக் கிடந்த மைதானத்துக்குள் ஆட்கள் புகுந்து உடைத்தார்கள், தீ வைத்தார்கள், பார்வையாளர் மாடம் கருகியது. யார் செய்தது என்பதற்குள் நான் போகவில்லை. காவல் இல்லாத காலி இடத்துக்கு எந்த ஊரிலும் இதுதான் கதி.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று கவனிக்கச் சொல்கிறேன். ஒரு இடத்தைப் பூட்டுகிறோம். ஐந்து வருஷம் கழித்து அது புதர் மண்டிக் கிடக்கிறது. பிறகு அதன் படத்தை எடுத்துக் காட்டி, "பாருங்கள், இதை யாரும் பயன்படுத்துவதில்லை, கண்றாவியாக இருக்கிறது, இங்கே வீடு வந்தால் ஊருக்கே நல்லது" என்று சொல்ல முடிகிறது. பூட்டினதால் வந்த நிலைமையே இடிப்பதற்குச் சாட்சியாகிறது. சட்டப்படி இதில் பொய் எதுவும் இல்லை, யாரும் பயன்படுத்தவில்லைதான்.

ரசிகர்கள் என்ன செய்தார்கள்? ஸ்பீட்வே கூட்டமும் ஸ்டாக் கார் கூட்டமும் சேர்ந்து 'சேவ் கவென்ட்ரி ஸ்பீட்வே அண்ட் ஸ்டாக்ஸ்' என்று ஒரு அமைப்பாகத் திரண்டார்கள். அவர்களுக்கு வாய்த்த ஆயுதம் இங்கிலாந்தின் தேசியத் திட்டமிடல் கொள்கையில் இருக்கும் ஒரு பத்தி. விளையாட்டுக்கான கட்டடம், நிலம் எதிலும் வேறு எதுவும் கட்டக்கூடாது. மூன்று வழியில் மட்டும் விதிவிலக்கு என்கிறது அது. அந்த இடம் தேவைக்கு மேல் உபரி என்று தெளிவாகக் காட்ட வேண்டும். இல்லையென்றால் அதற்குச் சமமான அல்லது மேலான இடம் வேறெங்காவது தர வேண்டும். அதுவும் இல்லையென்றால், அங்கேயே வேறொரு விளையாட்டு வசதி வந்து, அதன் பலன் இழப்பைவிடத் தெளிவாகப் பெரிதாக இருக்க வேண்டும். 124 வீடுகளுக்கு நடுவில் கால்பந்துத் தளம் ஏன் முளைத்தது என்று இப்போது புரியும். மூன்றாவது கதவுக்கான சாவி அது.

சாதாரணமாக நாம் என்ன பேசியிருப்போம்? "என் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த மைதானம் இது" என்று கண் கலங்கியிருப்போம். அங்கேயும் அப்படிக் கடிதங்கள் போயிருக்கும், தப்பும் இல்லை. ஆனால் விதி கேட்கிற கேள்வி அது இல்லையே. இது உபரியா, இல்லையா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் நினைவில் இல்லை, கணக்கில் இருக்கிறது. மற்ற டிராக்குகள் எத்தனை மிச்சம் என்று பாருங்கள். ரை ஹவுஸ், எசெக்ஸின் லேக்சைடு, ஸ்விண்டன், பீட்டர்பரோ என்று 2018க்குப் பிறகு மட்டும் எத்தனை இடங்களில் வண்டிச் சத்தம் ஓய்ந்துவிட்டது. கூட்டம் குறைந்துபோன விளையாட்டு, எனவே மைதானம் தேவையில்லை என்று ஒரு பக்கம் சொல்லலாம். மைதானங்கள் போய்க்கொண்டே இருப்பதால்தான் விளையாட்டு குறைகிறது, எனவே மிச்சம் இருப்பது இன்னும் முக்கியம் என்று மறு பக்கமும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஏனென்றால் கால்பந்துத் தளத்தை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலும் போடலாம். ஸ்பீட்வே டிராக்கைப் புதிதாக ஓர் ஊரில் போட அனுமதி கேட்டுப் பாருங்கள்! சைலன்சர் இருந்தாலும் அது ஊருக்குக் கேட்கிற சத்தம். நம் சி பிளாக்கில் டிரில்லிங் மெஷின் ஓடினாலே வாட்ஸ்அப் குரூப் கொதிக்கிறது. எனவே போனால் போனதுதான்.

2022 நவம்பரில் ரக்பி வட்டாரக் கவுன்சில் விண்ணப்பத்தை நிராகரித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2023ல் பொது விசாரணை. அங்கே மேல்முறையீடு என்றால் நீதிபதிக்குப் பதில் பிளானிங் இன்ஸ்பெக்டர் ஒருவர் உட்கார்ந்து இரு பக்கத்துச் சாட்சிகளையும் கேட்பார். ரசிகர் அமைப்பு வெளியே நின்று கோஷம் போடவில்லை. உள்ளே ஒரு தரப்பாகவே உட்கார்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு வந்தது: மேல்முறையீடு தள்ளுபடி. மைதானம் போவதால் வரும் இழப்பை வீடுகளும் கால்பந்துத் தளமும் ஈடுகட்டவில்லை.

வெற்றிதான். ஆனால் தீர்ப்பு வந்த அன்று காலையும் மைதானம் கருகிய இடிபாடாகத்தான் கிடந்தது. வீடு கட்டாதே என்று சொல்ல சட்டத்துக்கு முடியும். பந்தயம் நடத்து என்று உரிமையாளரைச் சொல்ல முடியாது. அதனால் இதைப் பாதி வெற்றி என்பேன். முழு வெற்றி எப்படி இருக்கும் என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டைச் சொல்லலாம். அங்கே 1939ல் திறந்த மைதானத்தில் ஸ்பீட்வே 2007லும், நாய்ப் பந்தயம் 2012 கடைசியிலும் நின்றன. வீடு கட்டத் திட்டம் வந்தது. நகரக் கவுன்சில் அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்து, 2014ல் அனுமதி மறுத்தது. பிறகு நீண்ட மௌனம். ஒரு நடத்துநர் குத்தகைக்கு எடுக்க முன்வந்தார். 2022ல் வண்டிகள் திரும்பி வந்தன. மறுத்துவிட்டு எட்டு வருஷம் சும்மா காத்திருக்கத் தயாராக இருந்தார்கள் என்பதுதான் விஷயம்.

இதுவரை ரசிகர் பக்கமாகவே பேசிவிட்டேன். மைதானத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கும் ஒரு நியாயம் உண்டு. அதற்கும் ஒரு ஸ்பீட்வே மைதானத்தின் வழக்கே இருக்கிறது. சஃபோக் மாவட்டத்தில் மில்டன்ஹால். 1975ல் அனுமதி வாங்கிக் கட்டிய மைதானம். முப்பது வருஷம் கழித்து, 2006ல், ஒரு தம்பதி சுமார் அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு பங்களா வாங்கினார்கள். சத்தம் தாங்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள். மைதானம் முன்பே இருந்தது, அதற்கு அரசு அனுமதியும் இருந்தது. தெரிந்துதானே வாங்கினீர்கள் என்று நாம் கேட்போம். கீழ் நீதிமன்றத்தில் தம்பதி ஜெயித்து, மேலே தோற்று, கடைசியில் 2014ல் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் சொன்னது. பிறகு குடிவந்தார்கள் என்பதே எதிர்வாதம் ஆகாது. திட்ட அனுமதி இருப்பதாலேயே பக்கத்து வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்யும் உரிமை வந்துவிடாது. சட்டம் படிக்கும் பிள்ளைகள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். ஆனாலும் மில்டன்ஹாலில் ஸ்பீட்வே நிற்கவில்லை. அதாவது மைதானமும் வீடும் எப்படியோ ஒன்றாக இருக்க முடிந்திருக்கிறது. அதே நேரம், ஒரு மைதானத்தைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டாலே போதும், இடிக்கவே வேண்டாம், புகார்களிலேயே அதை மூச்சுத் திணறடிக்கலாம் என்ற பயம் ரசிகர்களுக்கு ஏன் என்பதும் இதில் தெரிகிறது. இதற்காகவே அங்கே பிற்பாடு இன்னொரு விதியையும் கொள்கையில் சேர்த்தார்கள்: ஏற்கெனவே சத்தம் வரும் இடத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டுபவர், சத்தம் உள்ளே வராத மாதிரி கட்டும் பொறுப்பைத் தானே ஏற்க வேண்டும்.

வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் இளம் குடும்பங்களுக்கு வீடு கிடைப்பது பெரும்பாடு. 124 வீடு என்றால் 124 குடும்பம், அவர்களும் தாத்தா பேரன் உள்ளவர்கள்தான். லண்டனில் விம்பிள்டன் நாய்ப் பந்தய மைதானம் 2017ல் மூடப்பட்டது. முன்பு ஸ்பீட்வேயும் நடந்த இடம் அது. இடித்த இடத்தில் கால்பந்து கிளப்புக்கு ஒரு ஸ்டேடியமும் சுமார் 600 ஃப்ளாட்டுகளும் வந்தன. ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட கிளப் சொந்த மண்ணுக்குத் திரும்பியது என்று கால்பந்து ரசிகர்கள் அழுதே விட்டார்கள். நாய்ப் பந்தயக்காரர்கள் வேறு காரணத்துக்காக அழுதார்கள். ஒரே இடம்தான்.

இனி நம் விஷயம். அடுத்த பொதுக்குழுவில் ஏ பிளாக் பின்னால் இருக்கும் பேட்மின்டன் கோர்ட்டை விசிட்டர் பார்க்கிங் ஆக்கலாம் என்று தீர்மானம் வருகிறது. சொல்லப்பட்ட காரணம், "யாரும் விளையாடுவதில்லை." பார்க்கிங் கஷ்டம் உண்மை, போன தீபாவளிக்கு என் தம்பி வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார். ஆனால் அந்த கோர்ட்டில் விளக்கு எரியாமல் எட்டு மாதம் ஆகிறது. வலை கிழிந்த பிறகு மாற்றவில்லை. கேட் சாவி செக்யூரிட்டியிடம் இருக்கிறது, அவரிடம் கேட்டால் மெயின்டனன்ஸ் ஆபீஸில் கேளுங்கள் என்கிறார். அதற்கு முன்பு மாலை ஸ்லாட்டுக்குப் பெயர் எழுதும் நோட்டு ஒன்று இருந்தது. அது இன்னும் ஆபீஸ் அலமாரியில்தான் இருக்கிறது.

பார்க்கிங் வேண்டும் என்பவர்கள் எத்தனை வண்டி நிற்கும் என்ற கணக்கோடு வாருங்கள். கோர்ட் வேண்டும் என்பவர்கள் அந்த நோட்டை எடுத்து வாருங்கள். அதற்கு முன் மூன்று மாதம் விளக்கைப் போட்டு, வலையைக் கட்டி, சாவியை வெளியே மாட்டி வைக்கலாம் என்று செயற்குழுவிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். எலக்ட்ரீஷியன் எஸ்டிமேட் கொடுத்துவிட்டார், நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது. பார்த்துவிட்டு உங்கள் கருத்தை அதற்குக் கீழேயே எழுதுங்கள்.

டீ ஆறிக்கொண்டிருக்கிறது, வாருங்கள்.