கடல் இல்லாத ஊரில் மீன் எண்ணெய்

பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்போன காஞ்சிபுரத்தில் கடல் கிடையாது. 2019-இல் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபோது மாமல்லபுரம், கோவளம் கரைகளும் அதோடு போய்விட்டன. ஆனாலும் மருந்துக்கடை அலமாரியில் கடல் மினுங்குகிறது, பொன்னிற மீன் எண்ணெய் கேப்ஸ்யூல்களாக.

அளவு மீறினால் முதலில் மீன் வாடையோடு ஏப்பம், நெஞ்செரிச்சல், வயிற்றுப்போக்கு. தறிக்குழியில் காலை இறக்கி மணிக்கணக்காக உட்காரும் நெசவாளருக்கு இதுவே பெரும்பாடு.

இதயத்துக்கு நல்லதென்று விழுங்குவது இதயத்தையே தடுமாற வைக்கலாம் என்பதுதான் விசித்திரம். ரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பைக் குறைக்கத் தரப்படும், மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 அடங்கிய மருந்துகளால் இதயத்துடிப்பு தாளம் தப்பக்கூடும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2023-இல் எச்சரித்தது. நாளுக்கு 4 கிராம் எடுப்போருக்கே ஆபத்து அதிகம். கடைகளில் விற்கும் 1,000 மில்லிகிராம் கேப்ஸ்யூலில் ஒமேகா-3 பெரும்பாலும் 300 மில்லிகிராம் அளவுதான். லேபிளைத் திருப்பிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுவோருக்கு, அதிக மீன் எண்ணெயால் ரத்தக்கசிவு கூடலாம். டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

மீன் ஈரல் எண்ணெய் வேறு சங்கதி. அதிலுள்ள வைட்டமின் ஏ உடம்பில் தேங்கும். மிகுந்தால் தலைவலி, ஈரல் பாதிப்பு, கருவிலிருக்கும் குழந்தைக்குக் கேடு. கர்ப்பிணிகள் அதைத் தொடவே வேண்டாம் என்கிறது பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை.