காய்ச்சல் இறங்கும் நாளே கவனிக்க வேண்டிய நாள்

 



நம் பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் ஆவர். உணவும் உடையும் கல்வியும் கொடுப்பதோடு அந்த அமானிதத்தைப் பேணும் கடமை முடிந்துவிடுவதில்லை. நோயுற்ற பிள்ளையின் உடலில் தோன்றும் அடையாளங்களை அறிந்து, உரிய நேரத்தில் மருத்துவம் செய்வதும் அக்கடமையில் அடங்கும். நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியுள்ளார்கள்.

2012ஆம் ஆண்டில் கடையநல்லூரிலும் அதன் சுற்று வட்டாரத்திலும் டெங்குக் காய்ச்சல் பரவியதை அப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரசுக் கணக்கின்படி அவ்வாண்டில் தமிழகம் முழுவதும் 12,826 பேர் பாதிக்கப்பட்டனர். 66 பேர் உயிரிழந்தனர். இந்த எண்களில் ஓர் ஆறுதலும் ஓர் எச்சரிக்கையும் உள்ளன. டெங்கு கண்டோரில் மிகப் பெரும்பாலோர் நலமடைந்து விடுகின்றனர் என்பது ஆறுதல். ஆபத்தை நோக்கிச் செல்லும் அந்தச் சிலரை முன்னரே இனங்காண வேண்டும் என்பது எச்சரிக்கை.

சாதாரண டெங்கு எப்படி இருக்கும்? திடீரெனக் கடும் காய்ச்சல் தோன்றி இரண்டு முதல் ஏழு நாட்கள் வரை நீடிக்கும். தலைவலி, கண்களுக்குப் பின்னால் வலி, உடல்வலி, மூட்டுவலி, குமட்டல் ஆகியவை காணப்படும். தோலில் சிவந்த தடிப்புகள் தோன்றலாம். சிறு குழந்தைகளோ வலியைச் சொல்லத் தெரியாமல் அழுவார்கள். பால் குடிக்க மறுப்பார்கள். குழந்தை நீராகாரம் அருந்தி, வழக்கம்போல் சிறுநீர் கழித்து, எச்சரிக்கை அடையாளம் ஏதுமின்றி இருந்தால், மருத்துவரின் ஆலோசனைப்படி வீட்டிலேயே வைத்துக் கவனிக்கலாம். கஞ்சி, இளநீர், மோர், உப்பு சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுக்க வேண்டும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே, அதுவும் குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவர் சொன்ன அளவில் மட்டுமே கொடுக்க வேண்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை இரத்தக்கசிவை அதிகப்படுத்தக்கூடும். 'உடனே காய்ச்சல் இறங்க ஓர் ஊசி போடுங்கள்' என்று மருத்துவரை வற்புறுத்தும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

சகோதரர்களே! இனிச் சொல்வதைக் கூர்ந்து கவனியுங்கள்.

பிற காய்ச்சல்களில் உடல் குளிர்ந்தால், 'நோய் நீங்கிற்று' என்று மகிழ்கிறோம். டெங்குவில் அவ்வாறு மகிழ்ந்துவிடலாகாது. நோய் தொடங்கிய மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையிலான காலத்தில், பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் ஆபத்துக் கட்டம் தொடங்குகிறது. சிலருக்கு அப்போது இரத்தக்குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. எஞ்சிய இரத்தம் கெட்டியாகிறது. இரத்த ஓட்டம் தளர்கிறது. இக்கட்டம் 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கும். காய்ச்சல் விட்டபின் குழந்தை உற்சாகமாக எழுந்து, பசித்து உண்டால் அது நலமடைதலின் அறிகுறி. காய்ச்சல் விட்டும் சோர்ந்து கிடந்தால் அது ஆபத்தின் அறிகுறி.

தாய்மார்கள் மனத்தில் பதிக்க வேண்டிய எச்சரிக்கை அடையாளங்கள் இவை:

முதலாவது, தீராத, கடுமையான வயிற்று வலி.
இரண்டாவது, எதைக் கொடுத்தாலும் தங்காத தொடர் வாந்தி.
மூன்றாவது, மூக்கிலோ ஈறுகளிலோ இரத்தம் கசிதல், வாந்தியில் இரத்தம், கருநிற மலம்.
நான்காவது, அளவு கடந்த சோர்வு, அல்லது காரணமின்றி அமைதியிழந்து புரளுதல்.
ஐந்தாவது, வயிறு உப்புதல், மூச்சு வாங்குதல்.
ஆறாவது, ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் கழிக்காமை.

இவற்றில் ஒன்று காணப்பட்டாலும், இரவாயினும் பகலாயினும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கை கால்கள் சில்லிட்டு, தோல் வெளிறி, நாடி வேகமாகவும் மெலிந்தும் துடித்தால் அது அதிர்ச்சி நிலையாகும். அழுத்தி விட்ட நகத்தில் இரண்டு வினாடிகளுக்குள் சிவப்பு திரும்பாமையும் அதன் அடையாளமே. அந்நிலையிலும் குழந்தை தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கக் கூடும். அதைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள். ஒரு நிமிடமும் தாமதியாமல் 108 ஊர்தியை அழையுங்கள்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள், உடல் பருத்த குழந்தைகள், முன்பு ஒருமுறை டெங்கு கண்ட குழந்தைகள் ஆகியோருக்குக் கூடுதல் கவனம் தேவை. டெங்குக் கிருமியில் நான்கு வகைகள் உள்ளன. இரண்டாம் முறை வேறொரு வகை தொற்றும்போது கடுமையாக மாறும் வாய்ப்பு அதிகம்.

பலர் பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்களின் எண்ணிக்கையை மட்டுமே கேட்டுக் கலங்குகின்றனர். அந்த எண்ணை மட்டும் வைத்து ஆபத்தை அளக்க முடியாது. இரத்தம் கெட்டியாகிறதா என்பதையும் குழந்தையின் நிலையையும் சேர்த்தே மருத்துவர் முடிவெடுப்பார். நிலவேம்புக் குடிநீரோ பப்பாளி இலைச் சாறோ கொடுத்துவிட்டோம் என்று மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடுவதும் தவறாகும்.

நம் ஊர்களில் தந்தை வளைகுடாவில் இருப்பார். தாய் வீட்டில் தனித்திருப்பார். 'அவரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போகலாம்', 'மாமா வரட்டும்' என்று காத்திருக்கும் மணித்துளிகள் விலை மதிப்பற்றவை. சகோதரிகளே! உயிருக்கு ஆபத்தான நிலையில் எவருடைய அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் புறப்படுங்கள்; பிறகு தெரிவியுங்கள். வெளிநாட்டில் உள்ள சகோதரர்களே! இதை இன்றே உங்கள் மனைவியரிடம் சொல்லி, கைச்செலவுக்குப் பணமும் வைத்துவிடுங்கள். அண்டை வீட்டார் துணைக்குச் செல்லட்டும். அது அண்டை வீட்டாரின் உரிமை.

ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் மருத்துவத்தோடு சேர்ந்து நடக்கட்டும். மருத்துவத்தைத் தடுப்பதாக அவை ஆகிவிட வேண்டாம். தாமதிப்பது பொறுமையாகாது; முயற்சியைக் கைவிடுவது தவக்குலும் ஆகாது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. தேங்கிய நல்ல நீரில் முட்டையிடுவது. ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீர்த் தொட்டிகளையும் குடங்களையும் தேய்த்துக் கழுவி மூடி வையுங்கள். நம் பள்ளிவாசல் ஹவ்ளும் இதற்கு விதிவிலக்கன்று; நிர்வாகிகள் அதில் கொசுப்புழு உண்ணும் மீன்களை விடலாம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை நோய்களிலிருந்து காப்பாயாக! நோயுற்றோர்க்குப் பூரண ஷிஃபாவை அருள்வாயாக! உரிய நேரத்தில் உரிய முடிவெடுக்கும் தெளிவை எங்கள் பெற்றோர்களுக்குத் தருவாயாக! ஆமீன்.