விரல் மேல் பழி வேண்டாம்

(அடி அண்ணாமலையில் நடந்த முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் என்னிடம், "கிடாரைப் பத்திப் பேசுங்க, ஆனா கிடாரை எடுத்துட்டு வந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டார். விடுதியில் என் பக்கத்து அறையில் இருந்தவர் அவர். பரீட்சை நேரத்தில் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். எனவே பேச்சோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கல்லூரியின் நுண்கலைக் குழுவுக்கு நான்கு கிடார்களும் ஓர் ஆம்பும் வாங்கித் தருவது என்று நம் சங்கம் முடிவு செய்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அந்த நான்கும் ஆறு மாதத்தில் அலமாரி மேல் ஏறிவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு உண்டு. அந்தக் கவலையைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வீட்டுத் திண்ணையில் கிடார் பழுது பார்த்து வருகிறேன். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் பழுது பார்க்க வருவதில்லை, விற்க வருகிறார்கள். போன வருடம் ஒரு மாணவி வந்தாள். "அங்கிள், இதை யாராச்சும் வாங்கிப்பாங்களா? எனக்கு சங்கீதம் வராது. விரல் சின்னதா இருக்குன்னு சொல்லிட்டாங்க" என்றாள். கிடாரை வாங்கி அளந்து பார்த்தேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் இடைவெளி. இரும்புத் தந்தி போட்ட சாதாரண கிடாரில், கனத்த தந்திக்கே அது 2.5 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் போதும். அந்தக் கிடாரை நானே அரை மணி நேரம் வாசித்திருந்தால் விரலுக்குக் கட்டுப் போட்டிருப்பேன். தினமும் அதோடு மூன்று மாதம் மல்லுக்கு நின்றிருக்கிறாள் அந்தப் பெண். அவள் விரலில் ஒரு குறையும் இல்லை.

இது ஏன் நடக்கிறது? கிடாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு 70 கிலோவுக்கு மேல் வரும். ஒரு ஆளின் எடையை மெல்லிய மரப் பலகை இரவும் பகலும் தாங்கி நிற்கிறது. காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் அந்த மரத்துக்கு சௌகரியம். நம் ஊரைப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் மலைப் பாறை சூடேறி, ராத்திரியிலும் அனல் அடிக்கிறது. தீபம் நெருங்குகிற ஐப்பசி, கார்த்திகையில் துணியே காயாது. ஈரத்தில் மரம் ஊதும், மேல் பலகை புடைக்கும், தந்தி உயரும். வறட்சியில் பலகை உள்வாங்கும், தந்தி ஃப்ரெட்டில் இடித்து 'ஜர்' என்று சத்தம் போடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டாலோ பசை இளகி, தந்தியைத் தாங்குகிற பிரிட்ஜ் கட்டையே பெயர்ந்துவிடும்.

இதற்கெல்லாம் வைத்தியம் உண்டு. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை ஆலன் கீயால் கால் சுற்று திருப்பினால் வளைவு சரியாகும். பிரிட்ஜில் இருக்கும் எலும்புத் துண்டையோ பிளாஸ்டிக் துண்டையோ அடிப்பக்கம் தேய்த்தால் தந்தி இறங்கும். தலைப்பக்கம் இருக்கிற நட்டில் பள்ளத்தை ஆழப்படுத்தினால் முதல் ஃப்ரெட் மெத்தென்று அமுங்கும். அந்த மாணவியின் கிடாருக்கு இந்த மூன்றும் செய்ய ஒரு மாலைப் பொழுதுதான் ஆயிற்று. விற்கக் கொண்டு வந்தவள் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

நம் வாத்தியங்களில் இந்தத் தொல்லை இல்லையா என்று கேட்பீர்கள். நிறையவே உண்டு. நாகஸ்வரத்தில் தொங்கும் சீவாளிக் கொத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று ஒத்துவராவிட்டால் அடுத்தது. வாயில் வைத்துப் பதம் பார்த்து, பிடிக்காததைக் கழித்துவிட்டு, கச்சேரிக்கு ஏற்றதைப் பொறுக்குவார்கள். மிருதங்கத்துக்கு வார் பிடித்து, கல்லால் தட்டிச் சுருதி சேர்த்து, இடது பக்கம் ரவை அப்பிய பிறகுதான் கச்சேரியே தொடங்கும். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதித்தவை. காலப்போக்கில் மெழுகு கெட்டு மெட்டு நகர்ந்தால், தெரிந்தவரைக் கூப்பிட்டு மறுபடி பதிக்கிறார்கள். மெட்டு நகர்ந்ததற்காக, "உனக்கு சங்கீதம் வராது" என்று எந்த வீணை ஆசிரியரும் மாணவியிடம் சொல்வதில்லை. வாத்தியத்தோடு அதைப் பார்த்துக்கொள்கிற மரபும் சேர்ந்தே வந்தது. கிடார் நம் ஊருக்குப் பெட்டியில் வந்தது, அதைச் சரிசெய்கிறவர் கூட வரவில்லை. அதனால்தான் பழி முழுவதும் வாசிக்கிறவர் விரல் மேல் விழுகிறது.

மின்சார கிடாருக்கு வருவோம். அங்கே மரத்தோடு மின்சாரமும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் 120 வோல்ட், 60 சைக்கிள். நமக்கு 230 வோல்ட், 50 சைக்கிள். அங்கிருந்து மாமா ஆசையாக அனுப்பிய பழைய ஆம்பை இங்கே நேராகச் செருகினால் கரும்புகைதான் மிஞ்சும். காலால் மிதிக்கும் பெடல்கள் பெரும்பாலும் 9 வோல்ட். அவற்றின் பிளக்கில் நடு முனை எதிர்மின். சில கீபோர்டு அடாப்டர்களில் நடு முனை நேர்மின். பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். மாற்றிச் செருகிவிட்டு, "பெடல் மட்டமானது" என்று திட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிடார், சுற்றியிருக்கிற மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். இதைத் தீர்க்கத்தான் 1955-ல் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் என்பவர் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி இணைத்து, இரைச்சலை இரைச்சலாலேயே அடக்கினார். ஹம்பக்கர் என்று இன்று சொல்கிறோமே, அது அதுதான். ஆனால் சீரியல் செட் விளக்கும், ஜெனரேட்டரும், எர்த் இல்லாத ஒயரிங்கும் கூடிய திருவிழா மேடைக்கு எந்தப் பிக்கப்பும் முழு மருந்தல்ல. தந்தியைத் தொட்டபடி மைக்கில் உதடு பட்டதும் சுரீரென்று அடித்தால், அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எர்த் சரியில்லாத மேடையில் அது உயிரையே வாங்கக்கூடியது. வாசிப்பதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நிகழ்ச்சி பத்து நிமிஷம் தாமதமானால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

பெரிய கலைஞர்களுக்கு இந்தத் தகராறு கிடையாதா? 1954-ல் ஃபெண்டர் கம்பெனி வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரில், ஒரு கம்பியை அசைத்தால் எல்லாத் தந்தியின் சுருதியும் மொத்தமாக ஏறி இறங்கும். அழகான ஏற்பாடு, ஆனால் சுருதி நிலைக்காது. உலகப் புகழ் பெற்ற எரிக் கிளாப்டன் அந்த இடத்தில் ஒரு மரத்துண்டைச் செருகி, அதை அசையவிடாமல் பூட்டிவிட்டார். சுருதி நிலைப்பதற்காக 1970-களின் இறுதியில் ஃப்ளாய்ட் ரோஸ் என்பவர் தந்திகளை இரு பக்கமும் பூட்டுகிற பிரிட்ஜைக் கொண்டு வந்தார். சுருதி நின்றது. ஆனால் அது மிதக்கிற பிரிட்ஜ். தராசு மாதிரி ஒரு பக்கம் தந்தி, மறுபக்கம் ஸ்பிரிங். நடுக் கச்சேரியில் ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி தப்பிவிடும். மாற்றுவதற்கு ஆலன் கீ வேண்டும், பொறுமையும் வேண்டும். மெல்லிசை மேடையில் அடுத்த பாட்டுக்கு அரை நிமிஷம்கூட இருக்காது.

இன்னொன்று கேளுங்கள். 2015-ஆம் ஆண்டு மாடல்களில் கிப்சன் கம்பெனி, தானே சுருதி சேர்க்கும் மோட்டாரைப் பெரும்பாலான கிடார்களில் பொருத்தியது. கழுத்தையும் அகலமாக்கியது. வாசிப்பவர்களுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வருடமே பழைய வழிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பெரிய பெயர், புதிய வசதி, அதிக விலை எதுவும் கைக்கு ஒத்துவரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சில சமயம் மரமும் மின்சாரமும் சரியாகவே இருக்கும், சங்கீதம்தான் ஒத்துவராது. மேல்நாட்டு மாண்டலினில் எட்டுத் தந்தி, இரண்டிரண்டாக நான்கு ஜோடி. ஜோடித் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பது கடினம், நாதமும் சட்டென்று அடங்கிவிடும். 1969-ல் ஆந்திராவின் பாலகொல்லில் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ் அதை மின்சார மாண்டலினாக, ஒற்றைத் தந்தி ஐந்தாக வைத்துக்கொண்டார். 2014-ல் அவர் மறைந்தபோது, மாண்டலின் என்றால் கர்நாடக சங்கீத வாத்தியம் என்றே நம் ஜனங்கள் நினைக்கும்படி ஆகியிருந்தது. அவருக்கு முன்பே வயலினை நமக்குப் பழக்கியவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். இன்று நம் வித்வான்கள் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையைக் காலில் சாய்த்து, சுருதியை ச-ப-ச-ப என்று மாற்றி வைத்துத்தான் வாசிக்கிறார்கள். விஸ்வமோகன் பட் கிடாரை மடியில் படுக்கவைத்து, ஃப்ரெட்டை அழுத்துவதையே விட்டுவிட்டு, மேலே உருக்குத் தண்டை வழுக்கி வாசித்தார். அந்த மோகன வீணைக்கு 1994-ல் கிராமி விருது கிடைத்தது. மேல்நாட்டிலிருந்து வந்த ஜான் மெக்லாலின், 1970-களில் 'சக்தி' குழுவில் வாசிப்பதற்காக, ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்த தனிக் கிடாரைச் செய்துகொண்டார். இவர்கள் எல்லோரும் தங்களுக்கு வேண்டியபடி வாத்தியத்தை மாற்றிக்கொண்டவர்கள்.

அதற்காக, கை வலித்தால் உடனே கிடாரைக் குறை சொல்லலாமா? கூடாது. முதல் சில வாரம் விரல் நுனி எரியத்தான் செய்யும், காய் காய்த்தால் அடங்கும். அது நாம் கொடுக்க வேண்டிய பங்கு. எது நம் குறை, எது கிடாரின் குறை என்று அறிய மூன்று சோதனை சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, முதல் ஃப்ரெட்டில் பிடிக்கவே முடியாத கார்டு அதே விரல் அமைப்பில் ஐந்தாவது ஃப்ரெட்டில் சுலபமாக வந்தால், பெரும்பாலும் நட் உயரமாக இருக்கிறது. இரண்டு, தந்தியைத் திறந்து மீட்டும்போது சுருதி சரி, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் சுருதி பிசகுகிறது என்றால், உங்கள் காது நன்றாகவே இருக்கிறது. தந்தி பழசாக இருக்கலாம், அல்லது பிரிட்ஜ் சரியில்லை. மூன்று, அனுபவசாலி ஒருவரிடம் கொடுத்து ஐந்து நிமிஷம் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால் விஷயம் புரிந்துவிடும். இந்த மூன்றிலும் கிடார் தேறிவிட்டதா? அப்படியானால் தம்பிகளா, சாக்குச் சொல்லாமல் சாதகம் பண்ணுங்கள். எவ்வளவு முயன்றும் ஒரு பெடலோ பிரிட்ஜோ ஒத்துவரவில்லையா? ஒத்துப்போகிறவருக்குக் கொடுத்துவிடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

நிறைவாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நான்கு கிடாருக்குப் பதில் மூன்று வாங்குவோம். நான்காவதன் பணத்தில், வாங்கியவற்றை முதலில் சரிசெய்து, உபரித் தந்திகள், ஆலன் கீ, அரம், ஈரப்பதமானி ஒன்று ஆகியவற்றை வாங்கி வைப்போம். கலையரங்க மேடையின் எர்த் ஒயரிங்கை ஒருமுறை சோதிக்கச் செய்வோம். ஒவ்வொரு வருடமும் இரண்டு மாணவர்கள் இந்த வேலையைக் கற்றுக்கொள்ளட்டும். கற்றுத்தர நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம், கேன்டீன் டீ போதும். நம் பிள்ளைகளில் ஒருவர்கூட, 5 மில்லிமீட்டர் இடைவெளியின் காரணமாக, தனக்குச் சங்கீதம் வராது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.