வண்டி நகரவில்லை



"ஸ்டெப்டோ அண்ட் சன்" என்னும் ஆங்கிலச் சிரிப்புப் படத்தைப் பார்த்த வாலிபத் தோழர்கள் பலரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அந்த மகனுக்கு என்ன வந்தது? நாற்பதை நெருங்குகிறான். கை கால் திடமாக இருக்கிறது. அப்படிப்பட்ட கிழவனை விட்டுவிட்டுப் போய்ப் பிழைத்துக்கொள்ள வேண்டியதுதானே?" நியாயமான கேள்விதான். ஆனால் படத்தை மட்டும் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

படம் வந்தது 1972இல். அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1962இல், பி.பி.சி. டெலிவிஷனில் அரைமணி நேர நாடகங்களாக இந்தக் கதை தொடங்கிவிட்டது. நடுவில் சில வருஷம் நின்று, மறுபடியும் 1974 வரை நடந்தது. எழுதியவர்கள் ரே கால்ட்டன், ஆலன் சிம்ப்சன் என்ற இருவர். வாலிப வயதில் க்ஷயரோக ஆஸ்பத்திரியில் நோயாளிகளாகப் படுத்துக் கிடந்தபோது சிநேகிதமானவர்கள்.

ஆல்பர்ட் அப்பன், ஹெரால்டு மகன். லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் என்ற பகுதியில் குடியிருப்பு. குதிரை வண்டியில் தெருத் தெருவாகப் போய்க் கந்தல் துணி, எலும்பு, பழைய இரும்பு, ஓட்டை உடைசல் வாங்கி வருவது தொழில். நம் தெருக்களில் ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பேரீச்சம்பழத்துக்குப் பதிலாகக் குழந்தைகளுக்குப் பலூன் கொடுப்பார்கள். கந்தல் துணி காகித ஆலைக்குப் போகும். எலும்பு பசை காய்ச்சவும் உரத்துக்கும் போகும்.

1962இல் வந்த முதல் நாடகத்தைக் கேளுங்கள். மகனுக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. அப்பனோடு சண்டை முற்றித் தன் தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் வண்டியில் ஏற்றிவிடுகிறான். போகிறேன் என்கிறான். "போ, ஆனால் குதிரையைத் தரமாட்டேன்" என்கிறான் கிழவன். மகன் தானே வண்டியை இழுக்கிறான். மூச்சுப் பிடித்து இழுக்கிறான். வண்டி அசையவில்லை. அங்கேயே நின்று அழுகிறான். கிழவன் மெல்ல வந்து, வா, டீ குடிக்கலாம் என்று உள்ளே கூட்டிப் போகிறான். சிரிக்க உட்கார்ந்த ஜனங்கள் வாயடைத்துப் போவது இந்த இடத்தில்தான்.

வாலிபர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த வண்டியில் இருக்கிறது. குதிரை அப்பனுடையது. வீடு அப்பனுடையது. மகன் சின்ன வயது முதல் உழைத்ததெல்லாம் அந்தக் குப்பை மேட்டிலேயே கலந்து கிடக்கிறது. அதைப் பிரித்துக் கொடு என்றால் எதைக் கொடுப்பது? கூலி என்று ஒன்று இருந்தால் பாக்கி கேட்கலாம். சங்கம் இருந்தால் முறையிடலாம். அப்பனே எஜமானாக இருக்கும் இடத்தில் யாரிடம் போய்க் கேட்பான்? 1972இல் ஒரு நாடகத்தில் வீட்டின் நடுவே தடுப்புக் கட்டி ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொள்கிறார்கள். டெலிவிஷன் பெட்டியைக்கூட விடவில்லை! அப்படியும் பிரிய முடியவில்லை.

அந்த எஜமானின் ஆஸ்தியைத்தான் பாருங்களேன். கிழட்டுக் குதிரை ஒன்று, உடைந்த நாற்காலிகள் நூறு. அதே 1972இல் இன்னொரு நாடகத்தில் ஜெயிலிலிருந்து தப்பிய இரண்டு கைதிகள் இந்த வீட்டுக்குள் புகுந்து மிரட்டுகிறார்கள். சாப்பாடு இல்லை, பணம் இல்லை. ஜெயிலே மேல் என்று கைதிகளுக்குத் தோன்றிவிடுகிறது!

கிழவனை வெறும் துஷ்டன் என்று தள்ளிவிடுவதும் சரியல்ல. நெஞ்சு வலி என்று நடிக்கிறான், பொய் சொல்கிறான், மகனுக்கு வரும் பெண்களை எல்லாம் விரட்டுகிறான், எல்லாம் வாஸ்தவம். ஆனால் எதற்காக? இவன் முதல் உலக யுத்தத்தில் சிப்பாயாக இருந்தவன். யுத்தம் முடிந்த 1918இல், திரும்பி வரும் வீரர்களுக்குத் தகுந்த வீடுகள் கட்டித் தருவோம் என்று லாயிட் ஜார்ஜ் சர்க்கார் வாக்குறுதி கொடுத்தது. அந்தக் கோஷத்தையே தலைப்பாக வைத்து 1964இல் ஒரு நாடகம் எழுதினார்கள். அதில் மகன், கப்பலில் உலகம் சுற்றக் கிளம்புவதற்காக, அப்பனை முதியோர் விடுதியில் கொண்டுபோய் விடுகிறான். வீரனுக்குக் கிடைத்த வீடு அதுதான். கிழவனின் கபடம் எல்லாம் இந்தப் பயத்தில் முளைத்தது.

அப்பன் டோரிக் கட்சி. மகன் லேபர் கட்சி. நிஜத் தேர்தலிலும் இவர்கள் புகுந்துவிட்டார்கள்! 1964 அக்டோபர் 15இல் பிரிட்டனில் பொதுத் தேர்தல். அன்று ஓட்டுப்பதிவு முடிவதற்கு முன்பு இந்த நாடகத்தை மறுபடி காட்டுவதாக இருந்தது. உழைக்கிற ஜனங்கள் வேலை முடிந்து சாயங்காலம்தானே ஓட்டுப் போடப் போவார்கள்? இதைப் பார்க்க உட்கார்ந்துவிட்டால் என்ன ஆவது என்று லேபர் கட்சித் தலைவர் ஹெரால்டு வில்சன் பி.பி.சி. தலைவரிடம் முறையிட்டார். இரவு 9 மணிக்குத் தள்ளி வைத்தார்கள். லேபர் கட்சி நாலே நாலு இடம் மெஜாரிட்டியில் ஜெயித்தது.

மகன் ஹெரால்டிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. புஸ்தகம் படிக்கிறான், நல்ல சங்கீதம் கேட்கிறான், சந்தோஷம். ஆனால் அதை அப்பனைவிடத் தான் உசத்தி என்று காட்டத்தான் உபயோகிக்கிறான். அவன் கனவு எல்லாம் தான் ஒருவன் மட்டும் தப்பிப் போவதுதான். தன்னைப் போல வண்டி ஓட்டுகிறவர்களோடு சேர்ந்து ஒன்று செய்யலாம் என்று அவனுக்குத் தோன்றுவதில்லை. இத்தனைக்கும் அவனாக நடித்த ஹாரி கார்பெட், ஜோன் லிட்டில்வுட் அம்மையாரின் தியேட்டர் ஒர்க்ஷாப் என்ற இடதுசாரி நாடகக் குழுவில் வளர்ந்தவர். அங்கே ஷேக்ஸ்பியரின் இரண்டாம் ரிச்சர்டாக நடித்த மனிதர்! அப்பனாக நடித்த வில்ஃப்ரிட் பிராம்பெல் அவரைவிடப் பதின்மூன்று வயதுதான் மூத்தவர்.

இப்போது படத்துக்கு வருவோம். நாடகத்தின் பலம் படத்துக்கு இல்லை என்பதே என் அபிப்பிராயம். மகன் ஸீட்டா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு ஸ்பெயின் தேசத்துக்கு உல்லாசப் பயணம் போகிறான். கிழவனும் கூடவே கிளம்புகிறான். அங்கே எதையோ தின்று படுத்துவிடுகிறான். ஊர் திரும்ப விமானத்தில் இரண்டு இடம்தான் கிடைக்கிறது. மகன் அப்பனோடு ஏறிவிடுகிறான்; மனைவி அங்கேயே நிற்கிறாள். இதுவரை சரி. ஆனால் இரவு விடுதியில் உடைகளைந்து ஆடி வயிறு பிழைத்தவள் அந்தப் பெண். அவளும் உழைத்துச் சாப்பிடுகிறவள்தானே? அவளை நம்பவைத்துக் கூட்டிப் போய்ப் பாதியில் விட்டது யார் குற்றம்? படம் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. அவளைப் பழித்துச் சிரிக்க வைக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தோழர்கள் கேள்வி இருந்தால் கேட்கலாம்.