கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு



உங்களில் சிலருக்கு ஆற்றோரம் தூண்டில் போடும் பழக்கம் இருக்கலாம். மீனை நன்றாகக் கழுவி, குழம்பைக் கொதிக்க வைத்தால் எல்லாக் கெடுதலும் போய்விடும் என்று நினைப்போம். கிருமிகள் சாகும். ஆனால் மீனுக்குள் சேர்ந்த உலோகம் எவ்வளவு கொதித்தாலும் போகாது.

அந்த உலோகம் எங்கிருந்து வருகிறது? பட்டறைகளிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் மட்டுமல்ல, கோழி, ஆடு, மாடு அறுக்கும் இடங்களிலிருந்தும் வரலாம். கால்நடைத் தீவனத்தில் செம்பும் துத்தநாகமும் சேர்க்கிறார்கள். உடலில் சேராத மிச்சம் சாணத்திலும் குடல் கழிவிலும் இருக்கும். ஈரலிலும் சிறுநீரகத்திலும் காட்மியம் என்னும் உலோகம் சிறிதளவு தங்கும். இவற்றைச் சுத்திகரிக்காமல் கால்வாயில் விட்டால், இரத்தமும் கொழுப்பும் அழுகி மறைந்துவிடும். உலோகம் மறையாமல் சேற்றில் தங்கிவிடும்.

கோலாலம்பூர்க் கால்வாய்களில் விழுவது கிள்ளான் ஆற்றின் வழியே கடல் வரை போகும். சேற்றில் வாழும் கெராங் சிப்பியும், சேற்றைக் கிளறித் தின்னும் மீனும் அந்த உலோகத்தை உடலில் சேர்த்துக்கொள்ளும்.

வயதானவர்கள் கூடுதல் கவனமாக இருப்பது ஏன்? நம் சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியத்தில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம். அது சிறுநீரகத்தைக் கெடுத்து, எலும்பையும் பலவீனமாக்கும். ஜப்பானின் ஜின்சு ஆற்றில் சுரங்கக் கழிவிலிருந்து காட்மியம் கலந்தபோது, கடும் எலும்பு வலியால் அதிகம் துன்பப்பட்டவர்கள் வயது முதிர்ந்த பெண்களே. இனிப்புநீர், இரத்த அழுத்தம் உள்ளவர்களின் சிறுநீரகம் ஏற்கெனவே களைத்திருக்கலாம்.

ஆகவே, இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

• நகரக் கால்வாய், குளம், ஆறு ஆகியவற்றில் பிடித்த மீனையும் சிப்பியையும் சாப்பிடாதீர்கள். தூண்டில் போடுவது பொழுதுபோக்காக மட்டும் இருக்கட்டும்.

• மீனைக் கைவிட வேண்டாம். நம்பகமான கடையில் வாங்குங்கள். ஒரே வகையையே உண்ணாமல் மாற்றி மாற்றி உண்ணுங்கள்.

• ஈரல், சிறுநீரகம் போன்றவற்றை எப்போதாவது, அளவோடு உண்ணுங்கள்.

• பூசைக்கோ விருந்துக்கோ கோழி, ஆடு அறுத்தால், குடலையும் கழிவையும் கால்வாயில் கொட்டாதீர்கள். இறுகக் கட்டிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

• கால்வாயில் இரத்தமோ குடலோ மிதந்தால் ஊராட்சி மன்றத்திடம் தெரிவியுங்கள்.

• அடுத்த முறை கிளினிக்கிற்குப் போகும்போது, சிறுநீரகப் பரிசோதனை எப்போது செய்ய வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

உடலில் சேர்ந்த உலோகத்தை வெளியேற்றுவது கடினம். சேராமல் தடுப்பது நம் கையில்தான் இருக்கிறது.