கசையடித் தூணின் கீழே ஒரு பாட்டுப் படம்

(மாணவர் படிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இசை வீடியோ பத்திப் பேசப்போறேன்னதும் சிலர் சிரிச்சீங்க. பாட்டை விக்கிறதுக்கு எடுக்கிற விளம்பரந்தானே, அதுல என்ன அரசியல் இருக்குன்னு கேக்கலாம். விளம்பரம்தான். ஆனால் அதில் யாரைக் காட்டுவது, எந்தத் தெருவைக் காட்டுவது என்று ஒருவர் முடிவு செய்கிறார். அந்த முடிவில் இருக்கிறது அரசியல்.

1981இல் அமெரிக்காவில் எம்.டி.வி. தொடங்கியபோது கறுப்பர்களின் பாட்டுக்கு அங்கே இடம் கிடைப்பதே அரிதாக இருந்தது. ‘ஏன் இவ்வளவு குறைவாகக் கறுப்பர்களைக் காட்டுகிறீர்கள்?’ என்று 1983இல் டேவிட் போவி என்ற வெள்ளைப் பாடகரே பேட்டி எடுத்தவரைத் திருப்பிக் கேட்டார். அதே ஆண்டில் மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ உள்ளே நுழைந்தது. கதவு திறந்தது உண்மை. ஆனால் அதை இயக்கிய ஸ்டீவ் பேரன், பிறகு ‘திரில்லர்’ படத்தை இயக்கிய ஜான் லாண்டிஸ் இருவருமே வெள்ளையர்கள். திரைக்குக் கறுப்பு முகம் வந்துவிட்டது, கேமரா கைமாறவில்லை.

கை மாறினால் என்ன நடக்கும்? 1989இல் ‘பப்ளிக் எனிமி’ குழுவின் ‘ஃபைட் த பவர்’ பாட்டுக்கு ஸ்பைக் லீ என்ன செய்தார் பாருங்க. முதலில் 1963 வாஷிங்டன் பேரணியின் பழைய செய்திப்படம். அடுத்து புரூக்ளின் தெருவில் பதாகைகளோடு அவரே நடத்திய ஊர்வலம். பாடகர் மேடையில் தனியாக நிற்கவில்லை, கூட்டத்துக்குள் நிற்கிறார். பாட்டுப் படத்தையே ஒரு பேரணியாக ஆக்கிவிட்டார்.

1996இல் அதே ஸ்பைக் லீ, ஜாக்சனின் ‘தே டோன்ட் கேர் அபௌட் அஸ்’ பாட்டை எடுக்க பிரேசிலுக்குப் போனார். ரியோ நகரத்தின் சான்டா மார்ட்டா என்ற ஃபாவேலாவைத் தேர்ந்தெடுத்தார். ஃபாவேலா என்றால் மலைச்சரிவில் ஏழைகள் தாங்களே கட்டிக்கொண்ட குடியிருப்பு. உடனே அதிகாரிகள் குதித்தார்கள். ரியோ அப்போது 2004 ஒலிம்பிக்கை நடத்த மனுப் போட்டிருந்தது. வறுமையைக் காட்டினால் ஊர் பேர் கெட்டுப்போகும், சுற்றுலா படுத்துவிடும் என்றார்கள். நீதிபதி ஒருவர் தடையே போட்டார். பிறகு அது நீக்கப்பட்டது. சனங்க அங்கே வாழ்றது அவமானமில்லையாம், அதைப் படம் எடுக்கிறதுதான் அவமானமாம்!

இன்னொரு பகுதி சால்வடாரில், பெலோரின்யோ என்ற இடத்தில் எடுக்கப்பட்டது. அந்தப் பெயருக்கே கசையடித் தூண் என்று பொருள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கட்டி வைத்து அடித்த தூண். பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது 1888இல்தான். அந்தத் தெருவில் ‘ஓலோடும்’ என்ற கறுப்பர் பண்பாட்டு இயக்கத்தின் முரசுக்காரர்கள் சுமார் 200 பேர் நின்று அடிக்கிறார்கள். முதுகில் அடி விழுந்த இடத்தில், இப்ப தோல்மேல விழுற அடி அவங்க கையால விழுது. ஜாக்சனும் அவர்களுடைய பனியனைப் போட்டுக்கொண்டு ஆடுகிறார். ஒரு பெண் காவலைத் தாண்டி ஓடிவந்து கட்டிப்பிடிக்க, அவர் கீழே விழுகிறார். வேறு இயக்குநராக இருந்தால் வெட்டியிருப்பார். ஸ்பைக் லீ வெட்டவில்லை.

இதே பாட்டுக்குச் சிறைச்சாலையில் இன்னொரு படமும் எடுத்தார். ராட்னி கிங்கை 1991இல் போலீஸ் அடித்த அசல் காட்சி அதில் இருக்கிறது.

இதில் விமர்சனமே இல்லையா? இருக்கிறது. 1995இல் பாட்டு வெளிவந்தபோது அதில் யூதர்களை இழிவுபடுத்தும் சொற்கள் இருந்தன. எதிர்ப்பு வந்ததும் ஜாக்சன் மன்னிப்புக் கேட்டு மாற்றினார். ஒடுக்கப்பட்டவன் பாட்டு என்பதாலேயே அது இன்னொரு ஒடுக்கப்பட்ட மக்களைக் காயப்படுத்தாது என்று சொல்ல முடியாது. அடுத்தது, படம் எடுத்தவர்கள் விமானம் ஏறிப் போய்விட்டார்கள். ஃபாவேலாவுக்கு என்ன மிச்சம்? 2010இல் ஜாக்சனுக்கு ஒரு சிலை வைத்தார்கள். சிலை தண்ணி கொண்டு வருமா?

ஒன்றை மறக்க வேண்டாம். ஓலோடும் தொடங்கியது 1979இல். ஸ்பைக் லீ வருவதற்கு 17 ஆண்டுகள் முன்பே அந்த முரசு அங்கே ஒலித்துக்கொண்டிருந்தது. இயக்குநர் அதற்கு உயிர் கொடுக்கவில்லை. சத்தம் வந்த திசையில் கேமராவைத் திருப்பினார், அவ்வளவுதான். கேமரா பிடிக்கப்போற தோழர்கள் அந்தத் திசையை முதல்ல காதால கண்டுபிடிங்க. கண்ணு தானா பின்னால வரும்.